பன்னிரண்டாம் திகதிக்குப் பின் பிறந்தவர்கள்

1989 பெப்ரவரி 6, திங்கள்

பஞ்சலிங்கம் அண்ணை கொழும்பிலிருந்து வந்துவிட்டார். நல்லூரில் இந்தக் கொம்பியூட்டர் வகுப்பைத் தொடங்கிய நாளிலிருந்து அவர் எதையும் ஒத்திப்போட்டதில்லை. யோசித்ததும் இல்லை. பையை இறக்கிய கையோடு டிஸ்கெட்டுகளை மேசையில் பரப்பினார்.

"மீனா, புது டொஸ். நாலாம் பதிப்பு. எங்களிட்டை இருக்கிற மூண்டை இனி ஒருத்தரும் பாவிக்கிறேல்லையாம்."

டொஸ் இல்லாமல் கொம்பியூட்டர் எழும்பாது. எங்களிடம் இருப்பது ஒரேயொரு மெசின். அதில்தான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். நான் எழுதிய சாதகப் பொருத்தப் புரோகிராமும் அதில்தான் ஓடுகிறது. ஊர்ச்சனம் எங்களைத் தேடி வருவதே அந்தப் பொருத்தத்துக்குத்தான். ஒழுங்காக ஓடுகிற மெசினை ஏன் தொடவேண்டும் என்று கேட்டேன். அவர் மெசினுக்குச் சந்தனப்பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

பாதி ஏற்றும்போது கறண்ட் போனது. வந்ததும் முதலிலிருந்து. எல்லாம் முடித்துப் புரோகிராமைத் தொடங்கினால், நினைவகம் போதாது என்று நின்றுவிட்டது. புது டொஸ் தானே பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது.

"அப்ப பழசைத் திருப்பிப் போடுவம்" என்றேன்.

"அதுதான் ஏலாது. பழைய டிஸ்கெட்டை அழிச்சுத்தான் இதைக் கொப்பி பண்ணினனான்."

சண்டிலிப்பாயில் வீடு வரை சைக்கிள் மிதித்தும் கோபம் ஆறவில்லை.

பெப்ரவரி 7, செவ்வாய்

வென்றுவிட்டேன். மெசின் தொடங்கும்போது வாசிக்கும் அமைப்புக் கோப்பைத் திறந்து வரிகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். எது எதற்கென்று தெரியாத வரிகளையும்தான். புரோகிராம் எழும்பிவிட்டது. பெர்னடெட்டுக்கு என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. அவள்தான் வாசலில் ஆட்களுக்குப் பதில் சொல்கிறவள்.

பெப்ரவரி 8, புதன்

மருதனார்மடத்திலிருந்து இரத்தினம்மா என்றொரு அம்மா வந்தார். மகள் பாலேஸ்வரிக்கு ஜேர்மனியில் இருக்கும் செல்வரட்ணம் என்பவரைப் பேசியிருக்கிறார்கள். இரண்டு பேரின் பிறந்த திகதியையும் நேரத்தையும் அடித்தேன். பத்துக்கு இரண்டு பொருத்தம். பிரிண்டர் கீச்சிட்டு முடிந்ததும் அந்த அம்மா தாளை வாங்கி மடித்தார்.

"இண்டைக்கே வேண்டாமெண்டு சொல்லியனுப்பிறன். கொம்பியூட்டர் பெட்டி சொன்னாப் பிறகு என்ன கதை?"

சாத்திரியார் சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு சாத்திரியாரிடம் போயிருப்பார். பெட்டிக்கு மட்டும் அப்பீல் இல்லை.

பெப்ரவரி 10, வெள்ளி

உடுவிலிலிருந்து ஒருவர் மகனின் சாதகத்தோடு வந்தார். மகன் பிறந்தது இருபத்திரண்டாம் திகதி. அடித்தால் 'பிழையான திகதி' என்கிறது. நாலுமுறை அடித்தேன், நாலுமுறையும் அதே பதில். பஞ்சலிங்கம் அண்ணை எட்டிப் பார்த்தார்.

"ஐயா, வீட்டை போய் மனிசியைக் கேட்டுக்கொண்டு வாங்கோ. உங்களுக்குத் திகதி மாறியிருக்கும்."

"நான் பக்கத்திலைதானே நிண்டனான்" என்றார் மனிதர். ஆனாலும் போனார்.

பிறகு பத்தொன்பதாம் திகதி பிறந்த ஒரு பெண்ணையும் மெசின் ஏற்கவில்லை. முப்பதில் பிறந்த ஒருவரையும். என்ன கோதாரி இது?

பெப்ரவரி 13, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

காலையில் மெசினைப் போட்டால் முதலில் அன்றைய திகதியைக் கேட்கும். பெர்னடெட் தினமும் அடிப்பதுதான். இன்றைக்குப் பதின்மூன்று-இரண்டு என்று அடித்தாள். பிழையான திகதி.

"மீனாக்கா, இதுக்கு இண்டைக்குத் திகதியே இல்லையாம். போன கிழமை முழுக்க ஒண்டும் சொல்லேல்லையே."

கிட்டப் போய்ப் பார்த்தேன். மாதம், நாள், வருடம் என்ற ஒழுங்கில் அடிக்கச் சொல்லி அந்த வரியிலேயே எழுதியிருந்தது. போன கிழமை முழுக்க அப்படித்தான் கேட்டிருக்கிறது. ஒருத்தரும் வாசிக்கவில்லை.

பதின்மூன்றாம் மாதம் எங்கே இருக்கிறது? அதனால்தான் பன்னிரண்டாம் திகதிக்குப் பின் பிறந்தவர்களை அது பிறந்தவர்களாகவே கணக்கெடுக்கவில்லை. அது பரவாயில்லை, அவர்களை வெளிப்படையாகத் திருப்பி அனுப்பியது. பன்னிரண்டுக்குள் பிறந்தவர்களை? சத்தமில்லாமல் நாளையும் மாதத்தையும் மாற்றிப்போட்டு விடை சொல்லியிருக்கிறது. செப்டெம்பர் மூன்றாம் திகதிக்காரரான செல்வரட்ணத்தை நான் மார்ச் ஒன்பதில் பிறப்பித்திருக்கிறேன்.

நான் வெட்டியெறிந்த வரிகளில் ஒன்று நாட்டைச் சொல்கிற வரி. அது இல்லாவிட்டால் டொஸ் தன்னை அமெரிக்கா என்று நினைத்துக்கொள்ளும். என் புரோகிராமோ திகதி ஒழுங்கை டொஸ்ஸிடம் கேட்டுக்கொள்ளும்படி எழுதியது. கெட்டித்தனமாம்! அந்த வரியைத் திரும்ப எழுதினேன். பட்டியலில் இலங்கை இல்லை, இங்கிலாந்தைக் கொடுத்தேன்.

"அப்ப ஒரு கிழமையா நாங்கள் அமெரிக்காவிலையோ இருந்தனாங்கள்? தெரிஞ்சிருந்தா நல்லதா ஒரு சட்டை போட்டிருப்பன்" என்றாள் பெர்னடெட்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரத்தினம்மாவின் கணக்கைத் திரும்பப் போட்டேன். பத்துக்கு எட்டு.

பஞ்சலிங்கம் அண்ணை கதவைச் சாத்தினார். "ஒருத்தருக்கும் மூச்சு விடாதையும். பெட்டி பிழை விட்டது எண்டால் ஆர் வருவினம்?"

பெட்டி பிழை விடவில்லை என்றேன். நாங்கள் விட்டோம். அதையும் சொல்ல வேண்டாம் என்றார்.

பெப்ரவரி 14, செவ்வாய்

மூச்சு விட்டாயிற்று. பெர்னடெட் மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போதே பாலேஸ்வரியிடம் சொல்லிவிட்டாள். பின்னேரம் அந்தப் பிள்ளை சைக்கிளில் வந்து நின்றது. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, உது பிழை எண்டு அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

அவளுக்கு நேர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். ஜேர்மனிக்காரரை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். படத்திலும் அவர் காரைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாராம்.

"வேண்டாம் எண்டு நீரே அம்மாவுக்குச் சொல்லலாம்தானே?"

"நான் சொன்னா அவ கேக்கமாட்டா. மெசின் சொன்னாக் கேப்பா."

ஐயோ, இதென்ன வில்லங்கம்! சொன்னால் இவளின்ரை படிப்புப் போகும். சொல்லாட்டி — என்ரை புரோகிராம் சொன்ன பொய்யை நானே காவல் காக்கவேணும். என்னெண்டு நித்திரை வரும்?

பெப்ரவரி 16, வியாழன்

உடுவில்காரர் திரும்பி வந்தார். இருபத்திரண்டுதானாம், மனிசி சத்தியம் செய்தாராம். இந்தமுறை மெசின் ஒத்துக்கொண்டது. "பெட்டிக்கும் இப்பதான் விளங்கியிருக்கு" என்றார்.

பெப்ரவரி 18, சனி

சொல்லிவிட்டேன். மருதனார்மடம் போகும் வழியில் இந்தியன் ஆமி சென்றியில் மறித்ததால் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இரத்தினம்மா வெங்காயம் பிடுங்கிக் காயவிட்டிருந்தார். பாலேஸ்வரி தேத்தண்ணியோடு வந்தாள், என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. கோப்பைகளை வைத்துவிட்டுத் தூணோரம் நின்றாள்.

திகதி மாறிய கதையைச் சொல்லி முடித்தேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப பொருத்தம் இருக்கோ?"

"ஓம் அம்மா. எட்டு."

"கடவுளே, வேண்டாமெண்டு சொல்லிப்போட்டனே. இப்பவே ஒராளை அனுப்பி—"

"அம்மா, ஒருத்தரையும் அனுப்பாதேங்கோ." பாலேஸ்வரியின் குரல் அவளுக்கே புதிதாக இருந்திருக்கும். "எட்டுப் பொருந்தினாலும் ஒன்பது பொருந்தினாலும் எனக்கு வேண்டாம். நான் நேர்சிங் போகப்போறன்."

இரத்தினம்மா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"பெட்டியைத் திருத்த வந்தனீரோ பிள்ளை, என்ரை வீட்டைக் குழப்ப வந்தனீரோ?"

தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பினேன். படலை வரைக்கும் பாலேஸ்வரி வந்தாள். என் சைக்கிள் ஹாண்டிலை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டு விட்டாள்.

பெப்ரவரி 20, திங்கள்

பொருத்தத்துக்கு ஒருத்தரும் வரவில்லை. பஞ்சலிங்கம் அண்ணை என்னோடு கதைக்கவில்லை.

மார்ச் 3, வெள்ளி

பிழையாகக் கணித்த மற்றவர்களையும் தேடிப்போய்ச் சொல்லி முடித்தோம். கடைசி இரண்டு வீட்டுக்குப் பஞ்சலிங்கம் அண்ணையும் வந்தார். "அமெரிக்காவாலை வந்த பிழை" என்று அவர் விளக்கிய விதத்தில் சனத்துக்கு எங்கள் மேல் ஒரு மதிப்புத்தான் வந்தது.

மார்ச் 9, வியாழன்

இரத்தினம்மா வந்தார், தனியாக. பெர்னடெட் வாசலிலிருந்து கண்ணைக் காட்டினாள். நான் எழுந்து நின்றேன். அவர் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, மெசினை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்ப சரியாச் சொல்லுதோ?"

"ஓம் அம்மா."

"அப்ப பிள்ளை நேர்சிங் தொடங்க ஒரு நல்ல நாள் பாத்துத் தாரும்."

இந்தப் புரோகிராமுக்குப் பொருத்தம் மட்டும்தான் தெரியும், நாள் பார்க்கத் தெரியாது என்றேன்.

"அப்ப நீர் ஒரு நாளைச் சொல்லுமன்."

"பயிற்சி எப்ப தொடங்குதாம்?"

"வாற திங்கள்."

"திங்கள் நல்ல நாள் அம்மா."

"நானும் அப்பிடித்தான் நினைச்சன்" என்றார் இரத்தினம்மா.