பாக்கியம் அக்காவுக்கு ஒரு டெக்

ஜூன் 16, திங்கள்

காலையில் தூறல். பிறகு விட்டது. மாரியோ வந்தார், பின்முற்றத்தில் டெக் என்கிற மரத்தளம் போடும் தச்சர். பின்கதவைத் திறந்து புல்லைப் பார்த்துவிட்டு, எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்டார். அடி, அங்குலம் எல்லாம் எனக்குத் தெரியாது. இரண்டு பெண்கள் எதிரெதிரே காலை நீட்டி இருக்க வேண்டும், நடுவில் கீரை உருவ ஒரு சுளகு வைக்க இடம் வேண்டும். இதை எந்தப் பிரெஞ்சில் சொல்வது? ஈரப் புல்லில் குந்தியிருந்து காலை நீட்டியே காட்டினேன். நல்ல மனிதர். சிரிக்காமல் என் காலுக்குப் பக்கத்தில் டேப்பை இழுத்து அளந்து எழுதிக்கொண்டார்.

இவர், என் கணவர், சமையலறை யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "வதனி, டெக் எண்டா கதிரை மேசை போட்டு இருக்கிறது. உமக்கு இன்னும் பார்க் எக்ஸ்டென்ஷன் பல்கனிதான் நினைப்பு."

ஓம், அதுதான் நினைப்பு. அதில் என்ன பிழை?

பாக்கியம் அக்கா ஜூலை ஒன்றாம் திகதி டொரோண்டோ போகிறா. மகன் ரமணன் அங்கே வீடு வாங்கிவிட்டான். இங்கே மொன்றியலில் ஊர் முழுக்க வாடகை வீடு மாறுகிற நாளில் அவவும் மாறுகிறா. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடத்திலிருந்து பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்களுக்கு அடுத்த கதவு அவ. நாங்கள் அஹுன்ட்சிக்கில் வீடு வாங்கி வந்த பிறகும் அவ அதே மூன்றாம் மாடியில். போக முன்னர் ஒரு பின்னேரமாவது இந்த டெக்கில் வந்து இருக்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

வாங்க: புழுங்கல் அரிசி, ஒடியல் மா, இவரின் பிரஷர் மாத்திரை.

ஜூன் 18, புதன்

வெக்கை. இரும்புத் தூண்களை நிலத்துக்குள் திருகி இறக்கினார்கள். குளிர்காலத்தில் நிலம் பொங்குமாம், தூண் ஆழத்தில் நிற்காவிட்டால் டெக் கோணிப் போகுமாம். காது கிழிகிற சத்தம். பக்கத்து வீட்டு நாய் நாள் முழுக்கக் குரைத்தது. மாரியோவுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தேன். சீனி கூட என்று முகத்தில் தெரிந்தது. குடித்தார்.

பழைய பல்கனி நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்துக்கும் அக்காவின் பக்கத்துக்கும் நடுவில் பலகைத் தடுப்பு. காலையில் தையல் பக்டரிக்கு ஓடும்போது மகள் நிருவைத் தடுப்புக்கு மேலால் தூக்கிக் கொடுப்பேன், அக்கா வாங்குவா. ஒரு நாள் சுத்தியலோடு வந்து கீழ்ப் பலகையைக் கழற்றிவிட்டா. "இனிப் புள்ள தவண்டே வரும்கா." வந்தாளே! மகள் தவழப் பழகியது எங்கள் வீட்டுக்குள் இல்லை, அந்த ஓட்டைக்குள்ளால். வீட்டுக்காரர் வாடகை வாங்க வரும் நாளில் பலகையைச் சாத்தி, முன்னால் வெங்காயச் சாக்கை வைப்போம். அவருக்கும் தெரிந்துதான் இருக்கும்.

ஜூன் 21, சனி

அக்கா வீட்டில் பெட்டி கட்டல். மெட்ரோவில் போய், பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடந்தேன். மூன்று மாடி ஏற எனக்கே மூச்சு வாங்கியது. அவ எப்படி ஏறி இறங்குகிறாவோ.

கொட்டிக் குவித்திருந்தா. "இந்தச் சட்டி பானையெல்லாம் என்னத்துக்குகா? மருமகளிட்ட எல்லாம் இருக்காம். நீ கொண்டு போ." இடியப்ப உரல், மண்சட்டி, ஒரு குவியல் மூடியில்லாத டப்பா. மூடிகள் வேறு பெட்டியில். இரண்டும் பொருந்தவில்லை.

ரமணன் போனில் வந்தான். "அன்ரி, அம்மாக்கு கீழ தனி அறை. பாத்ரூமும் அவவுக்கு மட்டும்." நல்ல பிள்ளை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் கரைச்சலே.

அக்கா கேட்டா, "டெக் எப்ப முடியும்?"

"நீங்கள் போக முன்னம்."

"ம்" என்றா. வேறு ஏதோ சொல்லப் போகிறா என்று பார்த்தேன். அவ ஒரு மூடியை எடுத்து டப்பாவில் அழுத்திப் பார்த்தா.

இரவு வீட்டில் சாப்பிடும்போது இவர்: "நிருவின்ரை அறை சும்மாதானே கிடக்குது. அக்காவை இஞ்சை இருக்கச் சொல்லுமன்."

எனக்குக் கோபம் வந்தது. பெற்ற பிள்ளை கூப்பிட்டிருக்கும்போது, நாங்கள் குறுக்கே போய் "இஞ்சை இருங்கோ" என்றால் என்ன அர்த்தம்? மகன் பார்க்க மாட்டான் என்ற மாதிரி ஆகிவிடும். ரமணன் முகத்தில் பிறகு முழிக்க முடியுமா? ஊர் என்ன கதைக்கும்? இப்படியெல்லாம் சொன்னேன். இவர், "நான் சும்மா சொன்னனான்," என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

எனக்கு மட்டும் சொல்ல ஆசையில்லையா? வாய் வரைக்கும் வந்து நிற்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

சேன்-ஜான், இந்த மாகாணத்தின் விடுமுறை. மாரியோ வரமாட்டார். தெரு முழுக்க மாகாணத்தின் நீலக்கொடி. முற்றத்தில் வெறும் சட்டம் மட்டும், பலகை இல்லாத கட்டில் மாதிரி. இவர் "பேந்து செய்வினம், பேந்து செய்வினம்" என்கிறார். இவருக்கு எல்லாம் பேந்துதான், பிறகுதான். கத்திவிட்டேன். பாவம்.

இந்த மாதிரி வெக்கை நாட்களில் அந்தப் பல்கனியில்தான் சீவியம். அக்கா வாடகைக்கு எடுத்த வீடியோப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, பயற்றங்காய் முறித்தபடி எனக்குக் கதை சொல்லுவா. சண்டைக்காட்சிக்குக் கையில் பயற்றங்காய் பறக்கும். அழுகிற இடத்தில் அவவே முதலில் அழுதுவிடுவா. பிறகு எப்போதாவது அந்தப் படத்தைப் பார்த்தால், சப்பென்று இருக்கும். அக்கா சொன்ன படம்தான் படம்.

அப்போது காசில்லை, நேரமில்லை, பாஷை தெரியாது. சந்தோஷமாக இருந்தோம் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

பலகை அடித்து முடிந்தது! மரவாசம் வீடு முழுக்க. மாரியோ சாப்பிடப் போன நேரத்தில், புதுசுக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று மஞ்சள் தண்ணீர் கரைத்தேன். மாவிலைக்கு எங்கே போவது, கறிவேப்பிலைக் கொத்தால் தெளித்தேன். கொஞ்சம் தாராளமாக. புது மரம் தண்ணீரோடு மஞ்சளையும் குடித்துவிட்டது. பலகை எங்கும் மஞ்சள் பொட்டு, மஞ்சள் கோடு. தேய்க்கத் தேய்க்கப் பரவியது.

மாரியோ வந்து பார்த்தார். "மாதாம்!" பூஞ்சணம் பிடித்துவிட்டதா என்று குனிந்து சுரண்டினார். இவர் ரெஸ்டோரண்ட் வேலையில் பழகிய பிரெஞ்சில், "ரெலிஜியோன், ரெலிஜியோன்," என்று சமயத்தின் மேல் போட்டுச் சமாளித்தார். மாரியோ உடனே தொப்பியைக் கழற்றிவிட்டார். நான் உள்ளே ஓடிவிட்டேன், சிரிப்பை அடக்க முடியவில்லை.

அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "விடு புள்ள, வெயில் பட்டா மஞ்சள் தன்பாட்டில போயிரும்." இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிந்தும் ஒருவரும் போனை வைக்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

மழை. கைப்பிடிக்கு வேண்டிய மரம் இன்னும் வரவில்லையாம், அடுத்த கிழமைதான். படியும் பாதி. பரவாயில்லை. நாளைக்கு அக்கா வருகிறா.

முருங்கையிலை வாங்கினேன். உளுந்து ஊறப் போட வேண்டும். இடுப்பு நோகிறது.

ஜூன் 30, திங்கள்

வெயில். மரம் காய்ந்துவிட்டது.

பின்னேரம், டொரோண்டோவிலிருந்து வந்திருக்கும் ரமணன் அக்காவைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். சாமான் ஏற்ற வேண்டும், பிறகு வந்து கூட்டிப் போவானாம். அக்கா செருப்பைப் பின்கதவடியில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு டெக்கில் இறங்கினா. கதிரை போட்டிருந்தேன். அதைப் பார்க்கவும் இல்லை. பலகையில் குந்தியிருந்து காலை நீட்டினா. நான் எதிரே. நடுவில் சுளகு, முருங்கையிலை. மாரியோவின் அளவு சரி.

வடை, தேத்தண்ணீர். நிருவின் கதை, வீட்டுக்காரரின் கதை, யார் யார் டொரோண்டோ போனார்கள், யார் செத்தார்கள். "நல்லா இரிக்குகா," என்று பலகையைத் தடவினா. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதற்குத்தானே இவ்வளவு ஓட்டம் என்று நினைத்தேன்.

சுளகில் பாதி இலை உருவி முடிந்தது.

"ஒண்டு கேக்கன், கோவிக்காத," என்றா. "ரெண்டு கிழமையா டெக் டெக் எண்டு ஓடித் திரிஞ்சாய். ஒரு நாளாவது, 'இரிங்க அக்கா, போகாதீங்க' எண்டு சொன்னியா?"

ரமணன் என்ன நினைப்பான், பெற்ற பிள்ளை இருக்கும்போது நான் எப்படி என்று ஏதேதோ உளறினேன்.

"அதெல்லாம் எனக்கும் தெரியும்."

"சொல்லியிருந்தா நிண்டிருப்பியளோ?"

"இல்லகா. போயிருப்பன். அவன் என்ட புள்ள." காம்பை முற்றத்தில் எறிந்தா. "எண்டாலும், மொன்றியல்ல என்னைப் போகவிடாத ஒராள் இருந்தது எண்டு நினைச்சிட்டுப் போயிருப்பன்."

அழுதேன். மறைக்கவில்லை. அவ அழவில்லை, இலையை உருவிக்கொண்டே இருந்தா. வாசலில் கார்க் கதவு அடிக்கும் சத்தம். இவர் உள்ளேயிருந்து, "ரமணன் வந்திட்டான்."

"போகாதேங்கோ அக்கா," என்றேன்.

அக்கா எழும்பவில்லை. "இன்னொருக்காச் சொல்லு," என்றா.