நெற்றியில் ஒரு வெட்டு

மார்ச் 4
நெற்றி நடுவிலிருந்து முடிக்குள் ஓடும் கோடு இன்று விரலுக்குப் பள்ளமாகத் தட்டுப்பட்டது. கத்தியால் வெட்டியது போல. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "பவுடர் போட்டா தெரியாது" என்றார். பதினோரு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவர் பேசுகிற பேச்சா இது?

மார்ச் 11
ஸ்க்ளிரோடெர்மாவாம். தோல் இறுகும் நோய்; எனக்கு வந்திருப்பது நெற்றியோடு நிற்கும் அபூர்வ வகை. "ஒட்டாது. உயிருக்கும் பயமில்ல. ஆனா விட்டுட்டா எலும்பு வரைக்கும் குழியும்" என்றார் டாக்டர். தினம் ஸ்டீராய்டு, வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. வருடக்கணக்கில். வீட்டுக்காரர் வெளியே நின்று போன் பேசிக்கொண்டிருந்தார்.

மார்ச் 29
மாத்திரை நாள். வாந்தி. இவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

ஏப்ரல் 9
ஆபீஸில் மேலாளர் கூப்பிட்டார். "கொஞ்ச நாள் கவுண்டர் வேணாம், ரெக்கார்டு ரூம்ல இருங்கம்மா. சர்டிபிகேட் வாங்க வர்றவங்க பயப்படுறாங்க." யார் பயந்தது? இந்த ஆள்தான்.

பக்கத்து மேசைக்காரி காதோடு கேட்டாள்: "வீட்டுக்காரர் கைநீட்டிட்டாரா?" இல்லை என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. பழி இவர் மேல் விழட்டும்.

ஏப்ரல் 17
ஆபீஸே அப்படித்தான் நினைக்கிறது. நினைக்கட்டுமே.

ஏப்ரல் 26
யாரோ அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். நோயைப் பற்றி நான் அவனிடம் மூச்சு விட்டதில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து இவர் சட்டையைப் பிடித்தான். "என் தங்கச்சி மேலயா கை வச்ச?"

இவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் கை ஓங்கிய பிறகுதான் — "விடுண்ணா, அது நோய்!"

"அப்ப ஏண்டி இவ்வளவு நேரம் சும்மா நின்ன?"

என்ன சொல்வது? பார்க்க நன்றாக இருந்தது என்றா?

மே 3
வீட்டில் பேச்சில்லை. நல்லது.

செப்டம்பர் 12
டாக்டர் குழியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். "ஓரத்துல இருந்த ஊதா நிறம் போயிடுச்சு. பரவுறது நின்னிருக்கு. ஆனா குழி தானா நிரம்பாது." போனது போனதுதான். எரிச்சலாக வந்தது. "மாத்திரையை எவ்வளவு நாள் தொடரணும்?" என்று கேட்டது நானில்லை. இவர், என் பக்கத்து நாற்காலியில்.

செப்டம்பர் 15
யாரையும் கேட்காமல் கவுண்டரில் போய் உட்கார்ந்தேன். மேலாளர் பார்த்தார், போய்விட்டார். வரிசையில் நின்ற அம்மா, "ஐயோ, யாரும்மா இப்படி வெட்டினது?" என்றார்.

"யாருமில்லம்மா. இது ஒரு நோய். மருந்து சாப்பிடுறேன்."

பக்கத்து மேசைக்காரிக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.