குவாட்ரிலில் உன் பக்கம்

வகுப்புத் தோழியாய் வந்து என் மச்சாளாகிப் போன அருமை றோசலினுக்கு,

நீ கண்மூடி இரண்டு மாரி கழிந்துவிட்டது. இங்கே பாரிஸில், லா சப்பல் தமிழ்க் கடைகளில் மரக்கறி வாங்கும்போதுகூட உன்னிடம் சொல்ல ஏதாவது இருக்கும். இன்று எழுதிவிடுகிறேன்.

கன்னியர் மடத்தில் ஐரிஷ் சிஸ்டர் பழக்கிய குவாட்ரில் நினைவிருக்கிறதா? நான்கு சோடி சதுரமாய் நின்று ஆடுவது. ஆண்பிள்ளைகள் இல்லாத பள்ளி. நெட்டையான என் தோளில் நீலப் பட்டி குத்தி ஆணாக்கினார்கள். பெண்ணாய் ஆடும் நீ எப்போதும் என் வலப்பக்கம்.

அதை இங்கிலாந்து நடனம் என்றே நம்பியிருந்தோம். மேல்மாடியில் வசிக்கும், கரீபியன் கடலின் குவாதலூப் தீவுக்காரி சொலாஞ் திருத்தினாள். குதிரைவீரர் சதுரமாய் அணிவகுத்ததில் வந்த பெயராம். பாரிஸ் மாளிகைகளில் ஆடி, லண்டன் போய், ஆங்கிலேயரோடு எங்கள் ஊருக்கு வந்திருக்கிறது. வேறு கப்பலில் அவர்கள் தீவுக்கும் போயிருக்கிறது. எசமானர் ஆடியதை அடிமைகள் பார்த்துப் பழகி, தங்கள் மேளத்தோடு தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இப்போது ஞாயிறுதோறும் பக்கத்து மண்டபத்தில் ஆடுகிறார்கள். ஒருவர் நின்று அடுத்த அசைவைக் கூவிச் சொல்வார். பாதம் வைப்பதில் ஒழுங்கு போதாது. ஆனாலும் நிமிர்ந்து நிற்கிறார்கள்.

போன ஞாயிறு ஒரு சோடி குறைந்தது. சொலாஞ்சின் தமையன், என் வயதுக்காரர், குனிந்து என்னிடம் கை நீட்டினார். நான் போய் அவருக்கு இடப்பக்கம் நின்றேன்.

“அம்மா, அது ஆம்பிளையள் நிக்கிற பக்கம். இஞ்சாலை வாங்கோ,” என்றாள் மகள் ஜெசி.

“எனக்குத் தெரிஞ்சது இந்தப் பக்கந்தான்.”

“அப்ப அந்த மனுசன் பொம்பிளையே?”

அவர் சிரிக்காமல் காத்து நின்றார். நான் கால் வலி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். காலில் ஒரு வலியும் இல்லை. வலப்பக்கத்தில் நான் நின்றால் நீ எங்கே நிற்பாய்?

மூன்று சோடியால் ஆட முடியாது. மேளம் அடிக்க வந்தவர் மேளத்தை உறையில் போட்டார். எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு வீடு போனார்கள். சொலாஞ்கூட என்னை ஒரு சொல் கேட்கவில்லை. நீ கேட்டிருப்பாய்.

உன் அண்ணன் போன பிறகு அவருடைய நாற்காலியில் ஜெசி உட்கார்ந்தாள். நான் தடுக்கவில்லை. உன் பக்கத்தை மட்டும் ஏன் விட முடியவில்லை, றோசலின்?

வரும் ஞாயிறு அவருக்கு வலப்பக்கம், உன் இடத்தில் நிற்பேன். ஆட்டம் முடியும்வரை உட்காரமாட்டேன். இது உனக்குத் தரும் வாக்கு. நீ திரும்பிய விதமும் சுழன்ற விதமும் எனக்குத் தெரியும், அருகில் நின்று பார்த்தவள் நான். நீ கை கொடுத்ததுபோல் கொடுக்க மட்டும் எனக்கு வராது.

உன் அண்ணன் மனைவி, என்றும் உன் சோடி,
பிலோமினா