இருநூற்று நாற்பது பிள்ளைகளின் மூச்சு

இன்று காலை ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். ஊசி குத்துவதற்கு முன் அந்தப் பெண் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் கையில் தேய்த்தாள். நீயே பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

எண்ணூரில் குப்பத்துப் பிள்ளைகளுக்கு மூச்சுப் பரிசோதனை நடத்திய நாட்களில் உன் கையில் எப்போதும் அந்த வாசனைதான். ஒவ்வொரு பிள்ளையும் மூச்சளவுக் குழாயில் ஊதி முடித்ததும் அதன் வாயைத் துடைப்பாய். உயரத்தை அளந்து நோட்டில் எழுதுவாய். நீ அதே குப்பத்தில் பிறந்தவள், எல்லாரையும் தெரியும். நான் திருவொற்றியூர் அலுவலகத்தில் உட்கார்ந்து நீ எழுதியதைக் கணினியில் ஏற்றுவேன்.

புள்ளிவிவரக் கணக்குகளுக்கான ஆர் மொழியை அப்போதுதான் கற்றிருந்தேன். பிள்ளை பிள்ளையாகக் கணக்குப் போட வேண்டாம், அட்டவணையின் ஒரு பத்தி முழுவதையும் இன்னொரு பத்தியால் ஒரே வரியில் வகுத்துவிடலாம் என்பதில் அப்படியொரு பெருமை. பிள்ளைகள் ஊதிய அளவுகள் இருநூற்று நாற்பது. எந்த உயரத்துக்கு எவ்வளவு ஊத வேண்டும் என்ற பட்டியலில் இருபத்து நான்கு. அவரவர் உயரத்துக்கு உரியதைத் தேடி எடுக்காமல், இரண்டையும் அப்படியே வகுத்துவிட்டேன். சின்னப் பட்டியல் தீர்ந்தால் ஆர் அதை மறுபடி முதலிலிருந்து எடுத்துக்கொள்ளும். மிச்சம் விழுந்திருந்தால் எச்சரித்திருக்கும். சரியாகப் பத்து மடங்கு என்பதால் வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளை ஊதியதும் வேறு யாருடைய உயரத்துக்கோ உரிய அளவால் வகுபட்டது.

வந்த முடிவுகள் டாக்டரிடம் போயின. பதினோரு பிள்ளைகளை மட்டும் மருத்துவமனைக்கு அழைத்தார்கள். மறுநாள் நீ தாளோடு வந்து நின்றாய்.

“இன்னாடி இது? மாதா கோயிலுக்குப் பின்னால கீற பொண்ணுக்கு நார்மல்னு போட்டுக்கீது. அவ பேசசொல்லவே மூச்சு வாங்குறாடி.”

“கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வந்துது.”

“கம்ப்யூட்டரு அவளப் பாத்துச்சா?”

எனக்குக் கோபம். உன் வாயை அடைக்கவே அவள் ஒருத்தியின் கணக்கைத் தாளில் போட்டேன். விடை வேறாக வந்தது. முதலில் வந்தது வேலை போய்விடுமே என்ற பயம்தான். அப்புறம்தான் அந்தப் பிள்ளை ஞாபகம் வந்தாள். அதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

நீ திட்டவில்லை. டீ வாங்கிவந்து வைத்தாய். ஒரு பிள்ளையின் உயரத்தையும் ஊதிய அளவையும் கொடுத்தால் விடை தரும் ஃபங்ஷன் என்ற சின்ன நிரல் ஒன்றை எழுதினேன். நீ பெயர் சொல்லச் சொல்ல, ஆறேழு பேரைக் கையாலும் போட்டுச் சரிபார்த்தோம். பிறகே அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஓட்டினேன். இன்னும் பத்தொன்பது பெயர்கள் வந்தன.

டாக்டர் முன்னால் நான் வாயெடுப்பதற்குள் நீ சொன்னாய்: “நாங்க தப்பு பண்ட்டோம் சார். இதான் சரியான லிஸ்ட்டு.”

நாங்க! உன் பங்கு அதில் எள்ளளவும் இல்லை. அன்று மாலையே பத்தொன்பது வீடுகளுக்கும் சேர்ந்து நடந்தோம். மாதா கோயில் பெண்ணை மறுநாள் மருத்துவமனையில் சேர்த்தார்கள், தேறிவிட்டாள். உனக்கு ஒரு நன்றிகூட நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பாய்.

போன வாரம், ஆறு மாதம் முன்பு அளந்த பிள்ளைகளின் புதுப் பட்டியல் ஒன்று வந்தது. ஓட்டுவதற்கு முன் முதல் வரியிலிருந்த பையனின் வீட்டுக்கு ஃபோன் செய்தேன். இப்போதெல்லாம் அது என் வழக்கம்.

“இன்னா மேடம், எதுனா பிரச்சினையா?” என்றார் அவன் அப்பா.

ஒன்றுமில்லை, பையனின் உயரம் சரிதானா என்று கேட்டேன்.

“நீங்க அளந்தப்புறம் ரெண்டு வெரக்கட ஏறிட்டான் மேடம்” என்றார், அவ்வளவு சந்தோஷமாக.