இரண்டு பேர் ஊற்றிய தண்ணீர்

சின்னவளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அம்மாவின் முழங்காலும் என் வாயும்தான் வழக்கம்போல. நீ எப்படி இருக்கிறாய் என்று அம்மாவிடம் கேட்டால் நன்றாக இருக்கிறாள் என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. ஐந்து மாதமாக எனக்குக் கிடைக்கும் சேதி அவ்வளவுதான். நீ அம்மாவிடம் போனில் பேசும்போது நான் பக்கத்து அறையில் நாளிதழைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், படிப்பதாக நினைத்துக்கொள்ளாதே, ஒரே பக்கத்தை முக்கால் மணி நேரம் படிக்கிறவன் உலகத்தில் உண்டா. உன் விலாசத்தை அம்மா ஒரு நிபந்தனையின் பேரில்தான் கொடுத்தாள், கடிதம் மட்டும்தான், வேறு எதற்கும் இல்லை என்று. சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அக்கா வீட்டில் எல்லாரும் சௌக்கியம், பெரிய பேத்திக்கு முன்பல் விழுந்து சிரிப்பே மாறிவிட்டது, மாடிப்படிக்கு ஒருவழியாகக் கைப்பிடி போட்டுவிட்டார்கள். இதெல்லாம் சும்மா, சொல்ல வந்த விஷயத்தைத் தள்ளிப்போடத்தான் சொல்கிறேன். உன் மணிச்செடியைக் கெடுத்துவிட்டோம்.

முழுசாகச் செத்துவிட்டதா என்று பதறாதே, கடைசி வரை படி. நீ வேலைக்காக ஊரைவிட்டுப் போகும்போது முன்னறை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டுப் போனாயே, அப்போது பச்சைப் பாசிமணி கோத்த மாதிரி ஒன்பது சரம் ஜன்னல் திட்டைத் தொட்டுக்கொண்டு கிடந்தது, நான் எண்ணி வைத்திருந்தேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நீ ஒட்டிய காகிதம் இன்னும் இருக்கிறது, மணி சுருங்கினால் மட்டும் தண்ணீர், குண்டாக இருந்தால் கிட்டவே போகாதீர்கள் என்று. எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தாய், யாரிடம் விட்டுப் போகிறாய் என்பதைத்தான் யோசிக்கவில்லை. முப்பத்து மூன்று வருடம் குடிநீர் நிலையத்தில் பம்பு ஓட்டியவன் நான். காலை ஆறு மணிக்கு வால்வைத் திறந்தால் ஊருக்கே தண்ணீர். அத்தனை வருடத்தில் தண்ணீர் வரவில்லை என்று சண்டைக்கு வந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், அதிகமாக வந்துவிட்டது என்று ஒருத்தரும் வந்ததில்லை. அப்படிப்பட்டவன் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தால் ஆறு மணிக்குக் கை சும்மா இருக்குமா. நீ என்னோடு பேச்சை நிறுத்திய வாரத்தில் அம்மா செடியைக் காட்டிச் சொன்னாள், “அவ விஷயத்துல கை வெச்சது போதும், அந்தச் செடியிலயாவது வெக்காம இருங்க” என்று. அதனால் அம்மா குளிக்கப் போகும் நேரம் பார்த்து, திருட்டுத்தனமாக ஒரு தம்ளர் ஊற்றுவேன். தினமும் இல்லை, ஒன்றுவிட்டு ஒருநாள். மண்ணைத் தொட்டுப் பார்த்தால் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். பரவாயில்லையே, நல்ல மண்ணாகத்தான் போட்டிருக்கிறாள், ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று உன்னை மெச்சிக்கொண்டேன் போ.

ஈரம் எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் தெரிந்தது. போன மாதம் ஒருநாள் மதியம் நடக்கக் கிளம்பியவன் குடையை மறந்து பாதி வழியில் திரும்பி வந்தேன். வந்து பார்த்தால் உன் அம்மா, வேலையிலிருந்து வந்து நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல், முக்காலி மேல் ஏறி நின்று அந்தப் பெரிய பிளாஸ்டிக் ஊசிக்குழாயால் செடிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். முழங்கால் வலிக்கிறது என்று ஒரு படி ஏற யோசிக்கிறவள் முக்காலி மேல் நிற்கிறாள் பார். என்னைப் பார்த்ததும் கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி ஊசிக்குழாயை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நான் சொன்னதால நீங்க ஊத்த மாட்டீங்கன்னு நெனச்சு நான் ஊத்தினேன் என்றாள். நான் திருதிருவென்று முழித்தேன். காலையிலேயே நான் ஊற்றியாயிற்று, அன்றைக்குப் பார்த்து இரண்டு தம்ளர் என்று ஒப்புக்கொண்டேன். இரண்டு பேரும் முதலில் சிரித்தோம். அப்புறம் அம்மா முக்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள், நான் எடுக்க வந்த குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து மாதமாக வீட்டில் உன் பேச்சை எடுத்தால் சண்டையாகும் என்று இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை, அதற்குப் பதிலாக ஆளுக்கொரு பக்கம் அந்தச் செடியின் தலையில் ஊற்றியிருக்கிறோம்.

இதில் இன்னொரு கூத்து. அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே மணிகள் சுருங்கத் தொடங்கியிருந்தன. காகிதத்தில் நீ என்ன எழுதியிருந்தாய், சுருங்கினால் தண்ணீர் என்றுதானே. அதனால் நானும் அதிகமாக்கினேன், அவளும் அதிகமாக்கினாள். வேர் அழுகிப்போனால் தண்ணீரில் நின்றாலும் செடியால் குடிக்க முடியாது, அப்போதும் மணி சுருங்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம், வேர் என்று ஒன்றும் இல்லை, கறுப்பாகக் கொழகொழவென்று, பழைய சாக்கடை வால்வைப் பிரித்தால் வருமே அந்த நாற்றம். அடியில் இருந்த மணிகள் கண்ணாடி மாதிரி ஆகித் தொட்டால் உடைந்தன. ஒன்பது சரத்தில் நான்கு அப்போதே போய்விட்டன. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அது வெறும் செடி இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குக் குடலில் ஆபரேஷன் ஆகி நான் கண் திறக்காமல் கிடந்தபோது, நீ ஒன்பது நாள் காத்திருப்பு அறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாயே, அங்கே தொங்கிய செடியிலிருந்து தரையில் விழுந்து கிடந்த ஒரு துண்டைப் பொறுக்கிக் கைப்பையில் போட்டு வந்து ஒரு பழைய டீக் கோப்பையில் வைத்தாய். நான் வீட்டுக்கு வந்த வாரம் அது வேர் விட்டது. அதை நீ ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும், ஆனால் தூக்கிக்கொண்டு வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாய். மறப்பேனா.

கவிழ்த்த தொட்டியை அப்படியே ஒரு வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி கடைத்தெருவுக்கு ஓடினேன். பழைய தபால் நிலையத்தை அடுத்து செடி விற்கிற அம்மா ஒருத்தி இருக்கிறாள், யாரைப் பார்த்தாலும் சிரிக்க மாட்டாள். மண்ணைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தாள். “இதுக்கு வியாதி ஒண்ணும் இல்லை சார், உங்க ரெண்டு பேரோட கைதான்” என்றாள். பம்பு ஆபரேட்டரும் நர்ஸும் என்று நான் சொன்னதும் நீண்ட நேரம் என்னையே பார்த்தாள், பாவம் அந்தச் செடி என்று நினைத்திருப்பாள். பிறகு சொல்லிக் கொடுத்தாள். அழுகிய இடத்துக்கு மேலே, கெட்டியான பச்சைத் தண்டு வரும்வரை வெட்ட வேண்டும். வெட்டிய சரங்களை நிழலில் இரண்டு நாள் காயப்போட வேண்டும், உடனே நட்டால் வெட்டுக்காயம் வழியாகவே மறுபடி அழுகும். செம்பாதி மண், செம்பாதி கரடுமணல், அகலமான ஆழமில்லாத சட்டி, அடியில் ஓட்டை. புதைக்கக் கூடாது, சரத்தைச் சுருட்டி மண் மேல் படுக்க வைத்தால் போதும், மணிக்கு மணி நடுவே தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் தானே வேர் விடும். மேல்பக்கத்தில் வெளிச்சம் விழ வேண்டும், சுடுகிற வெயில் கூடாது. ஒரு வாரம் தண்ணீர் கிடையாது, அப்புறமும் லேசாகத் தெளிப்பதுதான். எல்லாவற்றையும் நான் பழைய பம்பு நோட்டில் எழுதிக்கொண்டேன். கடைசியாக அவள் சொன்னதை மட்டும் எழுதவில்லை. மூன்று வாரத்துக்குத் தூக்கிப் பார்க்கக் கூடாது, அதுதான் முக்கியம் என்றாள்.

அம்மா தன் கொண்டை ஊசிகளை எடுத்து வந்து ஒவ்வொரு சரத்தையும் மண்ணோடு அசையாமல் குத்தி வைத்தாள், கட்டுப் போடுகிற பதவிசோடு. ஐந்து சரம். நான் நான்கு நாள் தாக்குப்பிடித்தேன். ஐந்தாம் நாள் ஓர் ஊசியை எடுத்துச் சரத்தைத் தூக்கிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை, மறுபடி வைத்துவிட்டேன். ஒன்பதாம் நாள் அதே சரத்தை மறுபடி தூக்கினேன். இந்த முறை வெள்ளையாக இரண்டு நூல் வந்திருந்தது, நான் தூக்கியதில்தான் அறுந்தது. நீயாக இருந்தால் என்னைக் கொன்றே போட்டிருப்பாய். அம்மா கொல்லவில்லை, சட்டியை எடுத்துக்கொண்டு போய் உன் அறை ஜன்னலில் வைத்து, அறையைப் பூட்டி, சாவியைத் தன் வேலைப் பையில் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டாள். அறுபத்திரண்டு வயது மனிதன் சொந்த வீட்டில் ஒரு சட்டியைப் பார்க்க முடியாமல், பின்பக்கச் சந்துக்குப் போய் குதிகாலை உயர்த்திக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கிறேன். எதிர்வீட்டுக்காரர் என்ன சார் தேடுறீங்க என்று கேட்டார், பூனை என்றேன். இந்தக் கடிதத்தை உன் அறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் எழுதத் தொடங்கினேன். எழுதி எழுதி நிறுத்தி, எழுந்து நடந்து, பதினோரு நாளாகிறது. கைக்கு ஒரு வேலை வேண்டும், இல்லாவிட்டால் அது போனைத் தேடிப் போகிறது.

இனி அதையும் சொல்லிவிட வேண்டியதுதான். நான் உன் மேலாளருக்கு ஒரு முறை போன் செய்ததாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். என் மகள் சின்ன வயதில் மாடியிலிருந்து விழுந்தவள், நீங்கள் கட்டுகிற பாலத்து மேலே ஏற்றாதீர்கள், கீழே ஏதாவது வேலை கொடுங்கள் என்று நான் கெஞ்சியதும், அவர் உன்னை அளவெடுக்கிற வேலையிலிருந்து இறக்கிக் கூடாரத்தில் கோப்பு அடுக்க உட்கார வைத்ததும் உனக்குத் தெரியும். “அப்பாகிட்ட போனைக் குடுக்காதீங்கம்மா, அவர் என் காலை வெட்டிட்டார்” என்று நீ சொன்னதை, அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்ததால், நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஆனால் நான் செய்தது ஒரு போன் இல்லை, இரண்டு. நீ அப்படிச் சொன்ன மறுநாள் மறுபடி கூப்பிட்டேன், தப்பாகச் சொல்லிவிட்டேன் சார், அவளை மேலேயே ஏற்றுங்கள் என்று. அவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களிடம், அந்தப் பெண்ணோட அப்பா இன்னைக்குப் பர்மிஷன் குடுத்துட்டார் என்று சொன்னது என் காதில் விழுந்தது, அங்கேயும் நாலு பேர் சிரித்தார்கள். உன்னோடு வேலை செய்கிற சிநேகிதிகள் கேலி செய்வதாக அந்த வாரமே அம்மாவிடம் சொன்னாயே, அது முதல் போனால் இல்லை, இந்த இரண்டாவதால். முதல் போன் பயத்தில் செய்தது. இரண்டாவதை நான் நல்லது செய்வதாக நினைத்துச் செய்தேன், அதுதான் என்னைத் தூங்கவிடாமல் அரிக்கிறது. சுருங்குகிறதே என்று மேலும் ஊற்றியவன் நான். போன வாரம் மூன்றாவது முறைக்கும் எண்ணைப் பாதி அழுத்திவிட்டேன், நீ மேலே ஏறிவிட்டாயா என்று தெரிந்துகொள்ள மட்டும். அம்மாவின் பையிலிருந்து சாவி விழுந்த சத்தம் கேட்டு வைத்துவிட்டேன்.

நேற்றோடு மூன்று வாரம் முடிந்து நான்கு நாள் கூடுதலாகவும் ஆகிவிட்டது. சாயங்காலம் அம்மா கதவைத் திறந்தாள். நான்கு சரம் மணி குண்டாக, இறுகிப் பச்சையாக இருந்தது, நான் அறுத்தது மட்டும் காய்ந்து கிடந்தது. செடிக்கடை அம்மா சொன்ன சோதனை ஒன்று உண்டு, விரல்நுனியால் மெல்ல இழுக்க வேண்டும், வராவிட்டால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். நீங்களே இழுத்துப் பாருங்கள் என்று அம்மா நகர்ந்து நின்றாள். எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. வேண்டாம், நீயே பார் என்று சொல்லிக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் ஒவ்வொன்றாக இழுத்தாள். மூன்று சரம் வரவில்லை. நான்காவதைப் பற்றிச் சந்தேகமாக இருக்கிறது என்றாள், சரி, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றேன். நான் சொன்னதை அவள் நம்பாமல் என் முகத்தையே பார்த்தாள்.

இனி தண்ணீர் அம்மா கையில் மட்டும், ஊற்றிய தேதியைக் காலண்டரில் எழுதுகிறாள், நான் படிக்கலாம், தொடக் கூடாது என்று ஏற்பாடு. நீ எந்த உயரத்தில் நின்றாலும் காலுக்குக் கீழே நல்ல பிடிமானம் இருக்கட்டும், நினைத்த வேலை நினைத்தபடி கைகூடட்டும், நேரத்துக்குச் சாப்பிடு, காற்று அடிக்கும்போது காதை மூடிக்கொள். அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன், அப்பன் என்று ஒருத்தன் இருக்கிறானே. நீ மேலே ஏறிவிட்டாயா என்று நான் கேட்கவில்லை, இந்தக் கடிதத்துக்குப் பதில் போடவும் வேண்டாம். ஒன்றே ஒன்று. காலண்டரின் பின்பக்கத்தில் உன் மேலாளர் எண்ணை எழுதி வைத்திருந்தேன், அந்த இடத்தைக் கத்தரித்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன், போனிலும் அழித்துவிட்டேன், வேறு எங்கேயும் இல்லை, வேண்டுமானால் அம்மாவைக் கேள். மீட்டர் பார்த்த கண்ணாயிற்றே, கடைசி நான்கு எண் மட்டும் மனதில் நிற்கிறது. அதை மறக்க எனக்குக் கொஞ்ச நாள் கொடு.

உன் அப்பா