கணக்கில் சேராத எலி

என்னங்க,

பாப்பா நம்மை விட்டுப் போனதும், அவள் பள்ளிச் சீருடையை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னீர்கள். இன்னும் கொடுக்கவில்லை, துவைக்கவும் இல்லை. “சுவரைப் பார்த்தே படுத்திருக்கான், சாப்பாடும் இறங்கலை” என்று உங்கள் அக்கா போனில் உங்களைப் பற்றிச் சொன்னார்.

ஆய்வகத்தில் நாங்கள் சோதிக்கும் மூலிகைச் சாறு வலிக்கு நன்றாகவே கேட்கிறது. அதைக் குடித்த எலி, சூடான தட்டில் வெகுநேரம் காலை நக்காமல் நிற்கிறது. மனச்சோர்வுக்குத்தான் ஒரு பலனையும் காணோம். அதைச் சோதிக்க எலியைத் தண்ணீரில் விடுவோம். சோர்ந்த எலி சீக்கிரமே நீந்துவதை விட்டுவிட்டு, மூக்கை மட்டும் நீட்டி மிதக்கும். எவ்வளவு நேரம் அப்படிக் கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நேற்று ஒன்று, விட்டதுமே அசையாமல் மிதந்தது. என் கை தானாகப் போய்த் தூக்கிவிட்டது.

“என்ன மேடம், நேரம் முடியலையே!” என்றாள் கூட வேலை செய்பவள்.

“போதும்மா” என்றேன். துண்டால் துடைத்தபோது அது நடுங்கியது.

“இந்த எலியைக் கணக்கில சேர்க்க முடியாது” என்று பேராசிரியர் கத்தினார். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

“கொஞ்ச நாள் என்னைத் தனியா விட்டுடு” என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனீர்கள். விட்டுத்தான் பார்த்தேன். இனிமேல் என்னால் முடியாது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நீங்கள் பேசக்கூட வேண்டாம். எழுந்து வந்து கதவை மட்டும் திறங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி