நான் வாசித்துச் சொல்லாத வரி

என் கண்ணைவிட்டுப் போகாத ஐயாவுக்கு,

உங்கள் மூத்த மகள் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி, எனக்குப் பாதகமானதையும் மறைக்காமல் எழுதப்போகிறேன். பாடசாலை மலருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். நான் இந்தக் கடிதத்தைத்தான் கொடுப்பேன். மற்றவர்களும் வாசிக்கட்டும். வீட்டில் சைக்கிள் வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசிக்கட்டும்.

போன வருடச் சோளகக் காற்று நினைவிருக்கிறதா? தோட்டத்துப் புழுதி எழும்பி உங்கள் இரண்டு கண்களும் சிவந்துவிட்டன. சால்வையால் தேய்த்துத் தேய்த்து இமைகளையும் வீங்க வைத்தீர்கள். சந்தையில் ஆட்கள் கண்நோய் என்று பயந்து விலகி நின்றார்கள். டொக்டர்தான் பார்த்துவிட்டு, "உது தொத்துற வருத்தம் இல்லை. புழுதி உங்கடை கண்ணுக்கு ஒத்துக்கொள்ளேல்லை. தேய்க்காதையுங்கோ" என்று துளிமருந்து எழுதித் தந்தார். காலையும் பின்னேரமும் கண்ணுக்கு ஒவ்வொரு துளி.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த ஆங்கிலக் காகிதத்தை அகராதியோடு வாசித்துச் சொல்வது என் வேலையாயிற்று. மருந்து விடுவதும் நான்தான். கையைக் கழுவிவிட்டு, உங்கள் கீழிமையை மெல்ல இழுத்து, போத்தலின் நுனி கண்ணிலோ இமைமயிரிலோ முட்டாமல் விடுவேன்.

"ஒரு துளியோடை நிப்பாட்டுறாய் மோனை. வெங்காயத்துக்கு இறைக்கிற மாதிரி இறைச்சு விடன்."

"கண்ணுக்கை ஒரு துளிதான் நிக்கும் ஐயா. மிச்சம் கன்னத்தாலை வாய்க்காலாய் ஓடும்."

"சரி டொக்டரம்மா, சரி."

பிறகு கண்களை மூடி, மூக்குப் பக்க மூலைகளை விரல்களால் அமத்திக்கொண்டு இருப்பீர்கள். நான் போதும் என்று சொல்லும்வரை விரலை எடுக்கமாட்டீர்கள். ஊரில் யாருக்கும் அடங்காத மனுசன் மகளுக்கு முன்னால் பூனைக்குட்டி என்று அம்மா சிரிப்பார்.

அந்தக் காகிதத்தின் கடைசியில் இன்னுமொரு வரி இருந்தது, ஐயா. மருந்து விட்டதும் பார்வை சற்று மங்கலாம், தெளியும்வரை வாகனம் ஓட்டவேண்டாம், இயந்திரம் இயக்கவேண்டாம். நான் அதை வாசித்தேன். விளங்கியது. உங்களுக்குச் சொல்லவில்லை. எங்களிடம் காரும் இல்லை, லொறியும் இல்லை, அது வேறு ஆட்களுக்கு எழுதியது என்று நினைத்தேன். சைக்கிள் என் மனதில் வரவேயில்லை. அதை ஒரு வாகனமாக நான் எப்போது நினைத்தேன்? அது உங்கள் கால் மாதிரி.

இரண்டு நாள் ஊரடங்குக்குப் பிறகு சுன்னாகம் சந்தை திறந்த காலை. வெங்காயம் பழுதாகிவிடும் என்று அந்தரப்பட்டீர்கள். நான் மருந்து விட்டபோது, அந்த அந்தரத்திலும், போதும் என்று சொல்லும்வரை விரலை எடுக்கவில்லை. பிறகு சைக்கிளின் பின்னால் சாக்கைக் கட்டினீர்கள். கண்களைச் சிமிட்டிச் சிமிட்டிப் படலையைத் திறந்துகொண்டு போனீர்கள்.

வளைவில் ஒரு லொறி நின்றது. ஓடிவந்த லொறி அல்ல. நின்ற லொறி.

உங்கள் செத்தவீட்டுப் பந்தலுக்குள் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. "பட்டப்பகலிலை, நிண்ட லொறி மனுசனுக்குத் தெரியேல்லையே?" அந்தக் கேள்வி இன்னும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை.

இந்த வருடச் சோளகத்தில் என் கண்கள் கடித்து அரிக்கத் தொடங்கின. அதே சிவப்பு, அதே நீர். அம்மா அதே டொக்டரிடம் கூட்டிப்போனார். "ஐயாவின்ரை போத்திலிலை அரைவாசி கிடக்கு. அதை விடட்டே?" என்று கேட்டார். உங்கள் போத்தலை அவர் இன்னும் அலுமாரியில் வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"திறந்து ஒரு மாசம் போனால் அது மருந்தில்லை அம்மா. ஒருத்தற்றை போத்திலை இன்னொருத்தருக்கு விடுறதும் இல்லை. எறியுங்கோ" என்றார் டொக்டர். எனக்குப் புதுப் போத்தல் எழுதித் தந்தார்.

முதல் நாள் பின்னேரம் விறாந்தையில் இருந்து நானே விட்டுக்கொண்டேன். கண்களைத் திறந்தேன். எல்லாம் கரைந்து கிடந்தது. படலையடியில் நீங்கள் நின்றீர்கள். வெள்ளைச் சால்வை, சாய்த்து வைத்த சைக்கிள், என் பக்கம் திரும்பிய முகம். இரண்டு மூன்று முறை சிமிட்டியதும் நீங்கள் முள்முருக்க மரமாகிவிட்டீர்கள்.

இதை யாரிடம் சொல்ல? மறுநாளும் வந்தீர்கள். பின்னேரம் வரை பொறுக்க முடியாமல் பள்ளிக்கூடத்தால் வந்ததும் ஒரு துளி விட்டேன். பிறகு படிக்க முதல் ஒன்று, சாப்பிட முதல் ஒன்று. ஒவ்வொரு முறையும் நீங்கள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றீர்கள். அந்த வரியை ஏன் சொல்லவில்லை என்று கேட்கத்தான் வந்தீர்களா? என் கண்கள் எரிந்து முன்னையிலும் சிவந்தன. ஒரு மாதத்துக்குத் தந்த போத்தல் பத்து நாளில் வற்றிப்போனது.

அம்மா அதைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார். "என்ன பிள்ளை, இதைக் குடிச்சனியோ?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். படலையடியில் நீங்கள் நிற்பதை. பிறகு அந்த வரியை.

அம்மா வெற்றுப் போத்தலை மேசையில் வைத்தார். பிறகு, "வாகனம் எண்டால் நானும் காரெண்டுதான் நினைச்சிருப்பன்" என்றார். "நீ சொல்லியிருந்தாலும் சந்தை திறந்த அண்டைக்கு அந்த மனுசன் நிண்டிருக்குமே?"

"நிண்டிருப்பார் அம்மா. நான் சொன்னால் ஐயா கேக்கிறவர்."

அம்மா என் தலையைத் தடவிவிட்டார். நின்றிருப்பீர்கள்தானே, ஐயா?

டொக்டரிடமும் மறைக்கவில்லை. கூடுதலாய் விட்டால் கூடுதலாய்ச் சுகம் வராது, கண்தான் புண்படும் என்று ஏசினார். சில நாட்கள் மருந்தை நிறுத்தி, கண்களைப் பார்த்தபிறகே மறுபடி தந்தார். போத்தல் இப்போது அம்மாவிடம். இன்று பின்னேரம் அவர்தான் விட்டார். பழக்கமில்லாததால் முதல் துளி மூக்கில் விழுந்தது. "கண்ணைத் திறவாதை, இரு" என்றபடி ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

திறந்தபோது எனக்கும் படலைக்கும் நடுவில் ஒரு வெள்ளை உருவம் இருந்தது. மெல்ல மெல்லத் தெளிந்து அது அம்மாவானது. நீங்கள் அவருக்குப் பின்னால் நின்றீர்களோ, எனக்குத் தெரியாது. எட்டிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அம்மா என் கைகளைப் பிடித்திருந்தார்.

இனி காலையும் பின்னேரமும் ஒவ்வொரு துளிதான், ஐயா. உங்களைக் காண்பதற்காக ஒரு துளியும் விடமாட்டேன். இந்த மருந்தை விடுகிற யாரைக் கண்டாலும் சொல்லுவேன்: பார்வை தெளியும்வரை இருங்கள், சைக்கிளும் வாகனம்தான். கோபமென்றால் வேறு வழியாக வந்து என்னைக் கேளுங்கள். நான் ஒளிக்கமாட்டேன்.

"கண்ணுக்கு இண்டைக்கு இவ்வளவு காணும் பிள்ளை, லைற்றை நூர்க்கப்போறன்" என்கிறார் அம்மா. நூர்த்துவிட்டார். இந்தக் கடைசி வரியைத் தடவித்தான் எழுதுகிறேன்.

நான் வாசித்துச் சொன்னதையெல்லாம் கேட்ட ஐயாவின்
மூத்த மகள்